எத்தனை மணிக்குத் தெரியும்?

14 மாதங்களுக்கு முன் நடந்த ஒன்றைப் பற்றி ஒரு விமான நிறுவனத்திடம் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று இரவு சென்னையிலிருந்து மதுரைக்குப் போக வேண்டிய விமானம் சொன்ன நேரத்தில் கிளம்பாது என்பது உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரியும்? டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ரத்துக்கான இழப்பீட்டையும், இரண்டு மாதம் அலையவைத்த பிறகு, வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்கள். நான் எழுதிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் மரியாதையாகப் பதில் வந்தது. ஒவ்வொரு பதிலிலும் 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்ற சொல் இருந்தது, வருத்தம் தெரிவிக்கும் ஒரு வரி இருந்தது. நான் கேட்ட மணி மட்டும் இல்லை. பணம்தான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்த மல்லுக்கட்டு என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அது ஒரு வியாழக்கிழமை. மாலை நான்கு மணிக்கு அத்தை இறந்த செய்தி வந்தது. சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு ஒரே தங்கை. அப்பா போன பிறகு, பிறந்த வீடு என்று அத்தைக்கு மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்தரை மணிக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் எடுத்துவிடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். குரோம்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு சுங்குடிச் சேலை வாங்கினேன். அத்தை வேறு சேலையில் பார்த்த நினைவே எனக்கு இல்லை. இரவு 8.05 விமானத்தில் 7,900 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்தேன். ஒன்பதரைக்குள் மதுரை, அங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரம், நள்ளிரவை ஒட்டிப் போய்ச் சேர்ந்துவிடலாம். சென்னையிலிருந்தே சாலை வழியாகப் போனால் பத்து மணி நேரம் ஆகும். என் இடத்தில் யார் இருந்தாலும் விமானத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

துண்டு துண்டாக வந்த தாமதம்

மாலை 7.20க்கு முதல் குறுஞ்செய்தி வந்தது: புறப்படும் நேரம் 9.00. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தாமதம்தானே என்று பாதுகாப்புச் சோதனையைக் கடந்து உள்ளே போனேன். 8.40க்கு அது 9.50 ஆனது. 9.35க்கு 10.40 என்றார்கள். 10.30க்கு 11.45 என்றார்கள். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கு மேலே இருந்த திரையில் பழைய நேரம் மறைந்து புதிய நேரம் வரும். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழும். எழுந்து நின்ற சிலர் மறுபடி உட்காருவார்கள். நள்ளிரவு தாண்டி 12.10க்கு, விமானம் ரத்து என்று அறிவித்தார்கள்.

இந்த ஐந்து அறிவிப்புகளையும் ஒரே தாமதமாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் வழக்கம்: 'நாலு மணி நேரம் காக்கவைத்து ரத்து செய்துவிட்டார்கள்' என்று. எனக்கு அப்படிப் பார்க்க முடியவில்லை. நாலு மணி நேரம் என்று எட்டு மணிக்கே யாராவது சொல்லியிருந்தால் நான் அங்கே உட்கார்ந்திருக்கவே மாட்டேன். விமான நிலையத்துக்கு எதிரே நடந்து கடக்கும் தூரத்தில் திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. மின்சார ரயிலில் ஏறினால் சில நிறுத்தங்களில் தாம்பரம். பத்து மணியை ஒட்டி அங்கே பாண்டியன் எக்ஸ்பிரஸ் நின்று போகும். முன்பதிவில்லாப் பெட்டியில் கதவோரம் நின்றுகொண்டு போயிருந்தாலும் விடிவதற்குள் மதுரையில் இறங்கியிருப்பேன். அல்லது ஒரு காரை அமர்த்திக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே கிளம்பியிருந்தால் காலை ஆறரை, ஏழு மணிக்கு அத்தையின் வாசலில் நின்றிருப்பேன். எட்டு மணிக்கு எனக்கு இத்தனை வழிகள் இருந்தன. ஒன்பதுக்குச் சில குறைந்தன. பத்து மணிக்கு ரயில் போய்விட்டது. பன்னிரண்டுக்கு எதுவும் மிச்சமில்லை. ஒவ்வொரு அறிவிப்பும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஐம்பது நிமிடத்தை மட்டும் அல்ல. அந்த ஐம்பது நிமிடத்துக்குள் திறந்திருந்த ஒரு வழியையும் சேர்த்துத்தான்.

பக்கத்து இருக்கையில் ஒரு கணக்கு

அன்றைய இரவில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் 9.15 மணி. எனக்குப் பக்கத்து இருக்கையில், கல்லூரி முடித்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும் இளைஞர் ஒருவர் இருந்தார். விமானங்கள் போகும் பாதையை வரைபடத்தில் காட்டும் செயலி ஒன்றைத் தன் போனில் திறந்து வைத்திருந்தார். பறக்கும் விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தை வானொலிச் சமிக்ஞையாக இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. யாரும் பிடித்துப் பார்க்கக்கூடிய சமிக்ஞை அது. எங்கள் விமான எண்ணைத் தட்டி, அதற்கு ஒதுக்கப்பட்ட விமானம் எது, அதற்கு முன் அது எங்கிருந்து வர வேண்டும் என்று தேடி எடுத்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார். "சார், நம்மள ஏத்திட்டுப் போற ஃபிளைட் இன்னும் ஹைதராபாத்லதான் சார் நிக்குது. கிளம்பவே இல்ல."

சிறிய மஞ்சள் விமானப் படம் ஒன்று ஹைதராபாத் விமான நிலையத்தின் மீது அசையாமல் இருந்தது. எங்களுக்கு மேலே இருந்த திரையில் 9.50 என்று எழுதியிருந்தது. அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். இந்த நொடியே கிளம்பினாலும் ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு ஒரு மணி பத்து நிமிடம். வந்தவர்கள் இறங்கி, பெட்டிகளை இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, நாங்கள் ஏறி முடிக்க எப்படிப் பார்த்தாலும் அரை மணி நேரத்துக்குமேல். ஆக, பதினொரு மணிக்கு முன்னால் வாய்ப்பே இல்லை. நான் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, இருபது நிமிடத்தில் திரை மாறியது. 10.40 என்றது. அதுவும் நடக்க முடியாத நேரம்தான். ஒரு பயணி தன் கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் போட்ட கணக்கு, அத்தனை விமானங்களையும் பெரிய திரைகளில் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு மையத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? கதவு மூடிய நேரம், நகரத் தொடங்கிய நேரம், மேலே எழும்பிய நேரம், தரையிறங்கிய நேரம் எல்லாவற்றையும் விமானமே தன் நிறுவனத்துக்குத் தானாக அனுப்புகிறது. இது நிமிடக் கணக்கில் பதிவாகும் தகவல்.

கவுன்டருக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். "வந்துட்டு இருக்கு சார்" என்றார். ஹைதராபாத்தில் நிற்கிறதாமே என்றேன். முகம் வாடிவிட்டது. "எங்களுக்கும் ஸ்க்ரீன்ல வர்றதுதான் சார் தெரியும்" என்றார். அதை நான் அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். வெளியே போக வேண்டும், என் பயணத்தை ரத்து செய்துவிடுங்கள் என்றேன். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே வந்த பயணி நினைத்த மாத்திரத்தில் வெளியே போய்விட முடியாது. நிறுவன ஊழியர் ஒருவர் உடன் வந்து, பயணிகள் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிய பிறகுதான் காவலர்கள் விடுவார்கள். மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: விமானம் ரத்தாகவில்லை, தாமதம் இன்னும் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, நீங்களாகப் போனால் பயணத்துக்கு வராதவர் என்று பதிவாகும், பணம் கிடைக்காது. பணம் போனால் போகட்டும் என்று அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. வந்துகொண்டிருக்கிறது என்று ஒரு நிறுவனம் அறிவிக்கும்போது, பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியை நம்புவதா, அறிவிப்பை நம்புவதா என்ற இடத்தில் நான் அறிவிப்பை நம்பினேன். பயணிகளில் பெரும்பாலோர் அப்படித்தான் நம்புவார்கள். நம்புவதற்காகத்தானே அந்தத் திரையை வைத்திருக்கிறார்கள்?

ரத்து என்று அறிவித்த பிறகு கவுன்டரைச் சுற்றிக் கூச்சலும் குழப்பமுமாக இருந்தபோது, அதே பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். "துக்கத்துக்குப் போகணும்னு சொன்னீங்களே சார், முதல்ல நீங்க வாங்க" என்று அழைத்துப் போய், காவலர்களிடம் பேசி வெளியே விட்டார். வாடகைக் கார்க்காரரிடம் பேரம் பேசவும் நின்றார். அவர் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியராகக்கூட இருக்கலாம். அன்று இரவு எனக்கு அந்த நிறுவனத்தின் பெயரால் கிடைத்த ஒரே நல்லது அவர் கொடுத்ததுதான். என் மின்னஞ்சல்களில் அவரைப் பற்றியும் எழுதினேன். அதற்கும் பதிலில் ஒரு சொல் இல்லை.

11,500 ரூபாய்க்குப் பேசிய கார் 1.20க்குக் கிளம்பியது. வழியெல்லாம் அத்தானின் அழைப்புகள். "மாப்ள, எங்க வர்ற? பெருசுங்க அவசரப்படுத்துறாங்க." பத்து மணிக்கு ஆண்டிபட்டியைத் தாண்டியிருந்தேன். பத்தேகாலுக்கு மறுபடி கூப்பிட்டார். எதுவும் சொல்லாமல் சற்று நேரம் இருந்துவிட்டு, "நீ நேரா காட்டுக்கே வந்துரு" என்றார். எங்கள் பங்காளி வீட்டு அக்கா ஒருவர் ஊர்க் கடையில் ஒரு சேலை வாங்கி, என் பெயரைச் சொல்லிப் போர்த்திவிட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் போனபோது சிதை எரிந்துகொண்டிருந்தது. வாய்க்கரிசி போடவும் கொடுத்துவைக்கவில்லை. கையில் இருந்த சேலையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அங்கே இருந்த பெரியவர் அதை வாங்கி, கம்பு ஒன்றால் தூக்கித் தீயின் நடுவில் வைத்தார். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர்தான் பிரித்து எடுத்தார்.

விதி எதைக் கேட்கிறது

ஊரிலிருந்து திரும்பிய பிறகு விதிகளைப் படித்தேன். நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010இல் கொண்டுவந்து, பின்னர் பலமுறை திருத்திய விதிகள் இருக்கின்றன. இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணமாக இருந்தால், 2 மணி நேரத் தாமதத்துக்கு உணவோ சிற்றுண்டியோ தர வேண்டும். எங்களுக்கும் பத்தரை மணிவாக்கில் ரொட்டியும் பழச்சாறும் தந்தார்கள். 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்கும் வசதி. முன்கூட்டி அறிவிக்காமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. எனக்குக் கிடைத்தது 5,640 ரூபாய். அதுவும் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசு இணையதளமான ஏர்சேவாவில் புகார் பதிந்த பிறகுதான் வந்தது. தாமதத்துக்கென்று தனியாகப் பண இழப்பீடு நம் விதிகளில் இல்லை. ஐரோப்பாவில் 261/2004 எண் கொண்ட விதி இருக்கிறது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் ரத்தானதற்கு ஈடாக 250 யூரோ முதல் 600 யூரோ வரை தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2009இலேயே சொல்லிவிட்டது.

தொகையை ஒப்பிட்டுப் புலம்புவது என் நோக்கம் அல்ல. விதிகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுத்தியது வேறு. எல்லா உரிமையும் தாமதத்தின் நீளத்தை வைத்தே அளக்கப்படுகிறது. அந்த நீளத்தை அறிவிக்கும் அளவுகோலோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஐம்பது நிமிடம், ஐம்பது நிமிடமாக நீட்டப்படும் தாமதத்தில், பயணி நிற்கும் எந்த நொடியிலும் அவருக்கு எதிரே இருப்பது இன்னும் ஐம்பது நிமிடம்தான். பணத்தைத் திரும்பக் கேட்கும் 6 மணி நேரக் கோடு அவர் கண்ணில் படவே படாது. வேண்டுமென்றே இப்படிச் செய்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. விமானம் எப்படியும் வந்துவிடும் என்று அவர்களும் உண்மையிலேயே நம்பியிருக்கலாம். ஆனால் நம்பினார்களா, தெரிந்தே சொல்லாமல் இருந்தார்களா என்பதைப் பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே சான்று அந்த நேரப் பதிவு. 2024 ஜனவரியில் மூடுபனியால் விமானங்கள் தடுமாறி, மும்பையில் பயணிகள் விமானம் நிற்கும் தளத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட காட்சியை நாடே பார்த்தது. அந்த நாட்களில்தான் இயக்குநரகம், தாமதம் பற்றிய துல்லியமான தகவலை உடனுக்குடன் பயணிகளுக்குத் தர வேண்டும், 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக்கூடிய விமானத்தைப் போதிய அவகாசத்தோடு முன்பே ரத்து செய்துவிடலாம் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. துல்லியமான தகவல் என்ற சொல் அந்த உத்தரவில் இருக்கிறது. துல்லியமாக இருந்ததா என்று பயணி எப்படிச் சரிபார்ப்பது என்பது இல்லை.

டெல்லியில் ஒரு விமானி

இதை இவ்வளவு பிடிவாதமாகக் கேட்க எனக்குத் துணிவு வந்தது ஐந்து மாதம் கழித்து. வேலை நிமித்தம் டெல்லி போய்விட்டுச் சென்னைக்குத் திரும்பும் மாலை. எல்லோரும் ஏறி, கதவும் மூடியாகிவிட்டது. விமானம் நகரவில்லை. பத்து நிமிடத்தில் விமானி அறைக் கதவு திறந்தது. விமானியே வெளியே வந்து, முதல் வரிசைக்கு முன்னால் எங்களைப் பார்த்து நின்றுகொண்டு ஒலிவாங்கியை எடுத்தார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசிவிட்டுப் பிறகு தமிழிலும் பேசினார். பிரேக் பகுதியில் ஒரு எச்சரிக்கை காட்டுகிறது. அதை மாற்றாமல் கிளம்ப மாட்டேன். உதிரிப் பாகம் வர வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. இன்னொன்றையும் சொன்னார். எனக்கும் என் குழுவினருக்கும் பணி நேர வரம்பு இருக்கிறது, பதினொரு மணிக்குள் கிளம்ப முடியாவிட்டால் இந்த விமானத்தை நாங்கள் ஓட்ட முடியாது, வேறு குழு கிடைக்குமா என்று இப்போது உறுதி சொல்ல முடியவில்லை. இறங்க விரும்புகிறவர்கள் இறங்கலாம். பெட்டியை எடுத்துத் தர நாற்பது நிமிடம் ஆகும்.

விமானத்துக்குள் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஆளாளுக்கு போனை எடுத்தார்கள். இருபது பேருக்கு மேல் இறங்கிப் போனார்கள். மறுநாள் காலை நேர்முகத் தேர்வு இருந்த ஒரு பெண், வேறு நிறுவனத்தின் விமானத்தில் இடம் பிடித்துக்கொண்டு எங்களிடம் கையசைத்துவிட்டுப் போனார். எனக்கு அவசரம் இல்லை, இருந்துகொண்டேன். மூன்று மணி நாற்பது நிமிடம் கழித்துக் கிளம்பினோம். நேரக் கணக்கில் பார்த்தால் மதுரை இரவின் தாமதத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. இறங்கும்போது பலர் அவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் கொடுத்தேன். அவர் சொன்னதில் நல்ல செய்தி எதுவும் இல்லை; தனக்குத் தெரிந்ததைத் தெரிந்தவுடன் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். அன்று இரவு சென்னையில் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில்தான், மதுரை விமானத்தில் எனக்கு மறுக்கப்பட்டது இன்னது என்று எனக்கே தெளிவாகப் புரிந்தது. மறுநாள் காலை அந்த நிறுவனத்துக்கு இரண்டாவது மின்னஞ்சலை எழுதினேன். முதல் மின்னஞ்சலில் நான் பணத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். இரண்டாவதில் ஒரே வரிதான் இருந்தது, இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருக்கும் அதே வரி.

மூன்றாவது மின்னஞ்சலுக்கும் 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்றே பதில் வந்ததால், இனி எழுதப்போவதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம்; நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. சேவைக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணமும் இல்லை. ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். ஐந்து குறுஞ்செய்திகள், போர்டிங் பாஸ், கார் வாடகை ரசீது, 9.15க்கு அந்த இளைஞர் தன் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பியது ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். கோரும் தீர்வு என்ற இடத்தில், அந்த விமானம் ஹைதராபாத்தில் நின்ற நேரப் பதிவையும், தாமத அறிவிப்புகளை முடிவு செய்த பதிவையும் ஆணையத்தின் முன் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். புகார் செய்ய இரண்டு ஆண்டுக் காலக்கெடு. இன்னும் 10 மாதம் மிச்சம் இருக்கிறது. அடுத்த வாரம் தாக்கல் செய்கிறேன்.